பல்லுக்கு மட்டும் ஓர் அறை

பொங்கோல் தொடக்கப்பள்ளிகளின் பெற்றோர் ஆதரவுக் குழுக்களில் தொண்டாற்றும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,



காலை ஏழு மணிக்கு ஒளிரும் அங்கியை மாட்டிக்கொண்டு பள்ளி வாசலில் கார்களுக்கு வழிகாட்டுவது நீங்கள்தான். சிறுவர் தினத்துக்கு அன்பளிப்புப் பை கட்டுவதும், தீபாவளிக்கு மண்டபத்தில் ரங்கோலி போடுவதும் நீங்கள்தான். அந்த வேலைகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லித்தான் எழுதுகிறேன். நம் வட்டாரத் தொடக்கப்பள்ளிகளுக்கு அரசாங்கச் சம்பளத்தில் தாதி வேண்டும். பள்ளிக்கு ஒருவர் கிடைக்காவிட்டாலும் அருகருகே இருக்கும் மூன்று பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவராவது வேண்டும். இதை நீங்கள் கேட்க வேண்டும்.

“சிங்கப்பூரில் இதற்கெல்லாம் என்ன குறைச்சல்?” என்று குழுவிலேயே யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் குழு ஆண்டுதோறும் பள்ளிக்கே வந்து உயரம், எடை, பார்வை எல்லாம் பார்க்கிறது. தொடக்கநிலை 5ல் தடுப்பூசி போடுகிறார்கள். உயர்நிலை 1 மாணவிகளுக்கு 2019 முதல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியும் பள்ளியிலேயே கிடைக்கிறது, முழுச் செலவும் அரசாங்கத்துடையது. 2025 ஜனவரியில் ‘குரோ வெல் எஸ்ஜி’ திட்டம் வந்தது. பிள்ளையின் தூக்கம், திரைநேரம், சாப்பாடு பற்றிய கேள்விகளுக்குப் பெற்றோர் பதில் தர, தொடக்கநிலை 1 முதல் 3 வரையிலான மாணவர்களுக்கு அதை வைத்து ஒரு சுகாதாரத் திட்டமும் வகுத்துத் தருகிறார்கள். பல நாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

ஆக, சோதித்துப் பார்ப்பதில் குறையில்லை. சோதித்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது விஷயம். அதைச் சொல்லப் பல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஓர் அறை எடுத்து, தன் ஆளை உட்கார வைத்து, அங்கேயே வைத்தியமும் பார்த்தது என்றால் அது பல்லுக்குத்தான். பள்ளிப் பல் மருத்துவச் சேவை 1949ல் தொடங்கியது. போர் முடிந்து நான்கே ஆண்டுகள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் சமூக நல இலாகா பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போடும் நிலையங்களைத் திறந்திருந்தது. அப்படிப்பட்ட நெருக்கடியில் பள்ளிப் பிள்ளைகளின் பல்லுக்கென்று ஒரு சேவையைத் தொடங்கினார்கள். பின்பற்றியது நியூசிலாந்து முறை. பல் மருத்துவர்கள் போதாத நாட்டில், பிள்ளைகளின் பல்லை மட்டும் பார்க்கப் பயிற்சி பெற்ற தாதியரைப் பள்ளிகளில் அமர்த்துவார்கள். அந்தத் தாதியருக்கான பயிற்சிப் பள்ளி அதே 1949ல் பினாங்கில் தொடங்கியது. சிங்கப்பூரிலிருந்தும் அங்கே போய்ப் படித்து வந்தார்கள்.

இங்கேயே பள்ளி முடித்த பெற்றோர்களுக்கு அந்த அறை மறந்திருக்காது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது வேறு வகுப்புப் பையன் ஒருவன் கையில் ஒரு சீட்டோடு வாசலில் வந்து நிற்பான். ஆசிரியர் பெயரைப் படிப்பார். பெயர் வந்தவனுக்கு வயிற்றைக் கலக்கும், வராதவன் மூச்சு விடுவான். போனால் ஒரு சாய்வு நாற்காலி, கண்ணில் அடிக்கும் விளக்கு, துளைபோடும் கருவியின் இரைச்சல். அரைமணி நேரத்தில் சொத்தையை அடைத்து, மரத்துப்போன கன்னத்தோடு கணக்குப் பாடத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1970களில் படித்தவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள். குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கால்வாய் ஓரம் வரிசையாகக் குந்தி, மொத்த வகுப்பும் பல் துலக்கிய கதை.

இதில் பெற்றோரின் பங்கு என்ன? ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து. அவ்வளவுதான். அப்பா துறைமுகத்தில் இரவு வேலை பார்த்தாரா, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியுமா, வீட்டில் பணம் இருந்ததா என்பதெல்லாம் அந்த நாற்காலியில் ஏறிய பிள்ளையின் பல்லைப் பாதிக்கவில்லை. கண்டுபிடித்தவரே சிகிச்சையும் செய்தார், அதே இடத்தில், பள்ளி நேரத்தில். பொதுப்பணத்தைப் பிள்ளைகளின் உடம்புக்குச் செலவிட இதைவிட நல்ல வழியை இந்த நாடு பிறகு கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து.

மற்ற எதற்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குத் தொடக்கநிலை 6 முடிவதற்குள் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. அதற்கென்று 2001 முதல் ஒரு தேசியத் திட்டமே நடக்கிறது. பள்ளியில் பார்வை சோதிப்பவர் பிள்ளைக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடிக்கிறார். பிறகு? ஒரு கடிதம் வீட்டுக்கு வருகிறது. என் அண்டை வீட்டுப் பையன் ஒருவனின் பையில் அப்படியொரு கடிதத்தைப் பார்த்தேன். தமிழ்ப் பயிற்சித்தாள்களுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் இடையில், மடிப்பு நைந்து, ஒரு மூலையில் மைலோ கறையோடு கிடந்தது. பாட்டி எடுத்துப் பார்த்திருக்கிறார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். பள்ளிக் கட்டண ரசீது என்று நினைத்துப் பத்திரமாகத் திருப்பி வைத்துவிட்டார்! அந்தப் பையன் அடுத்த ஆண்டு சோதனை வரும்வரை கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தான்.

கடிதத்தைப் படித்த வீட்டுக்கும் சுலபமில்லை. மேல்பரிசோதனைக்குப் போக வேண்டிய மாணவர் சுகாதார நிலையம் ஊட்ரம் பக்கம், செகண்ட் ஹாஸ்பிட்டல் அவென்யூவில் இருக்கிறது. பொங்கோலில் ரயில் ஏறினால் பதினான்காவது நிலையம். முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும் வாங்க நாம் லிட்டில் இந்தியாவில் இறங்குகிறோமே, அதையும் தாண்டி நான்கு நிலையம் போக வேண்டும். தூரம் பெரிதில்லை என்பீர்கள். யாருக்கு? பிள்ளைக்கு ஏழு வயது ஆகும்வரை வேலை செய்யும் பெற்றோருக்கு அரசாங்கம் ஆண்டுக்கு ஆறு நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தருகிறது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை அது இரண்டே நாள். பிள்ளை தொடக்கநிலை 1ல் சேர்ந்து, முதல் கடிதம் பையில் வரும் அந்த வயதில் விடுப்பு மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஒரு கண், ஒரு தோல், ஒரு இழுப்பு என்று மூன்று முறை வெளியே போக அந்த விடுப்பு போதாது. அலுவலகத்தில் மடிக்கணினியோடு இருப்பவர் எப்படியோ சமாளிப்பார். மணிக்கூலிக்கு வேலை பார்ப்பவர் கடிதத்தைப் பையிலேயே வைத்துவிடுவார். பரிசோதனை இலவசம், போய்வருவது இலவசமில்லை.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு நியூயார்க்கில் இதே கதை இன்னும் கொடூரமாக நடந்தது. நகர மருத்துவர்கள் பள்ளி பள்ளியாகப் போய்க் கண்நோய், படை, பேன், சிரங்கு இருந்த பிள்ளைகளைக் கண்டுபிடித்து, கையில் ஒரு சீட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிதாகக் குடியேறிய ஏழைப் பெற்றோர். பலருக்கு அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியாது, படித்தவர்களிடம் பணம் இல்லை. பிள்ளைகள் தெருவிலேயே திரிந்தார்கள். மருத்துவர்களைக் கூட்டக் கூட்ட, வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியது. லிலியன் வால்ட் என்ற தாதி, தன்னிடமிருந்த லினா ராஜர்ஸ் என்ற தாதியை 1902 அக்டோபரில் நான்கு பள்ளிகளுக்குச் சோதனை முயற்சியாக அனுப்பினார். லினா பள்ளியிலேயே கண்ணைக் கழுவி மருந்து போட்டார். மாலையில் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்குச் செய்து காட்டினார். வேறொன்றும் செய்யவில்லை. நகராட்சி தன் பணத்தில் மேலும் பல தாதியரை நியமித்தது. 1902 செப்டம்பரில் 10,567 பிள்ளைகள் வெளியே அனுப்பப்பட்ட இடத்தில், 1903 செப்டம்பரில் 1,101 பேர். மருத்துவர்களும் அவர்களே, பிள்ளைகளும் அதே குடும்பங்கள்தான். நடுவில் ஓர் ஆள் வந்தார்.

அந்த ஆளைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

அவர் நாள் முழுக்க என்ன செய்வார் என்று கேட்பீர்கள். இப்போது பள்ளிகளில் ‘சிக் பே’ என்று ஓர் அறை உண்டு. ஒரு கட்டில், ஒரு முதலுதவிப் பெட்டி, முதலுதவிப் பயிற்சி பெற்ற ஆசிரியரோ அலுவலக ஊழியரோ. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்கு போன் போகும். நல்லெண்ணத்தில் குறையில்லை, அவர்களுக்கு அது இரண்டாவது வேலை. மூச்சிரைப்பு உள்ள பிள்ளையிடம் இழுப்பு மருந்து இருக்கிறது. குழலைச் சரியாகப் பிடித்து, மருந்தை இழுத்து மூச்சை அடக்குகிறதா என்று பார்க்க ஆளில்லை. முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளையின் தாய் ஒருவர் எங்கள் புளோக்கில் இருக்கிறார். மகள் தொடக்கநிலை 2க்கு வந்ததும் வேலையை விட்டுவிட்டார். இடைவேளைக்கு முன்பு பள்ளி வாசலில் போய் நின்று, மகளின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, இன்சுலின் போட்டுவிட்டு வருவார். ஒரு குடும்பத்தின் பாதி வருமானம் பதினைந்து நிமிட வேலைக்காகப் போயிருக்கிறது. தொடக்கநிலை 5ல் வகுப்பிலேயே வயதுக்கு வரும் பெண்பிள்ளைகள், வெயிலில் சொறிந்து சொறிந்து இரத்தம் கசியும் கரப்பான்காரர்கள், திங்கட்கிழமை என்றாலே வயிற்றுவலி என்பவர்கள் எல்லாரும் அந்த அறைக்கு வரத்தான் போகிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை வயிற்றுவலி லேசான விஷயமில்லை. ஜப்பானில் ஒவ்வொரு பள்ளியிலும் சுகாதார அறை உண்டு. அதற்கென்று தனி ஆசிரியரை அமர்த்துவது 1947ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. வகுப்பறைக்குள் கால்வைக்கவே பயப்படும் பிள்ளைகள் சிலர் நேரே அந்த அறைக்கு வந்து நாளைக் கழித்துவிட்டுப் போவதும் அங்கே பழக்கம். நம் பள்ளிகளில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், மனநலக் கழகத்தின் தலைமையில் ‘ரீச்’ குழுக்கள் 2007 முதல் பள்ளிகளுக்கு வந்து உதவுகின்றன. ஆனால் பத்து வயதுப் பிள்ளை ஆலோசகரின் கதவைத் தட்டினால் நண்பர்கள் பார்ப்பார்கள். வயிறு வலிக்கிறது என்று தாதியிடம் போனால் யார் பார்க்கப் போகிறார்கள்?

இனி எதிர்ப்பைப் பார்ப்போம். இருப்பதிலேயே கனமானது ஆள்பற்றாக்குறை இல்லை, வேறொன்று. உங்களில் நாற்பதைத் தொட்டவர்கள் சிலருக்கு ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டம் நினைவிருக்கும். 1992ல் தொடங்கி 2007 வரை நடந்தது. எடை கூடிய பிள்ளைகளைப் பிரித்தெடுத்து, மற்றவர்கள் விளையாடும் நேரத்தில் திடலைச் சுற்றி ஓடவிட்டார்கள். கணக்குப்படி பலன் இருந்தது, எடை கூடிய மாணவர்களின் விகிதம் இறங்கியது. அந்த வரிசையில் ஓடிய பிள்ளைகள் பட்ட கேலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. முப்பது வயதுக்கு மேலும் கண்ணாடி முன் நிற்கக் கூச்சப்படுபவர்கள் அந்தத் தலைமுறையில் இருக்கிறார்கள். பிள்ளையின் உடம்பைப் பள்ளி பார்க்க ஆரம்பித்தால் மறுபடியும் மதிப்பெண் போட ஆரம்பிக்கும் என்ற அச்சம் நியாயமானது. பள்ளி மாணவர்களில் எடை கூடியவர்கள் 2017ல் 13 விழுக்காடு, 2021ல் 16 விழுக்காடு. எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் பழைய ஆசை திரும்பி வரும்.

இதற்கும் பல் அறையிலேயே பதில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்தவர் பள்ளி முதல்வரின் ஊழியர் இல்லை. அவருடைய சம்பளம் சுகாதாரத் துறையிலிருந்து வந்தது. உங்களுக்கு எத்தனை சொத்தைப் பல் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியாது, அறிக்கை அட்டையில் ஏறவும் இல்லை. பள்ளிக்குள் இருந்தாலும் பள்ளிக்குக் கட்டுப்படாத ஆள். ஜப்பானிய முறையில் நான் ஒப்பாத ஒன்று, அந்தத் தாதியும் அங்கே ஆசிரியர்தான். நமக்கு வேண்டியவர் கல்வி அமைச்சின் பட்டியலில் வரக்கூடாது. சுகாதார அமைச்சின் பணம், சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஆள், பள்ளியின் அறை. முதல்வரின் செயல்திறன் மதிப்பீட்டில் பிள்ளைகளின் எடை ஒருநாளும் நுழையக்கூடாது. கேட்கும்போது இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பள்ளிக்குள் மருந்தகம் நடத்தும் வழக்கம் 1960களின் கடைசியில் தொடங்கி இன்று நான்காயிரம் இடங்களை நெருங்கியிருக்கிறது. ஒபாமா காலத்தில் 2010ல் வந்த சுகாதாரச் சட்டம் அவற்றுக்கு 200 மில்லியன் டாலர் ஒதுக்கியது. கட்டடம் கட்டலாம், கருவி வாங்கலாம், ஊழியருக்குச் சம்பளம் மட்டும் தரக்கூடாது என்று நிபந்தனை. புது அறை கட்டிய பள்ளிகள் அதில் யாரை உட்காரவைப்பது, எந்தப் பணத்தில் உட்காரவைப்பது என்று காப்புறுதித் தொகைக்கும் மாநில நிதிக்கும் அலைய வேண்டியிருந்தது. அரசுகளுக்குக் கட்டடம் பிடிக்கும், நாடா வெட்டலாம். சம்பளத்துக்கு நாடா வெட்ட முடியாது.

பொங்கோலில் கட்டடப் பிரச்சினையே இல்லை. நம் பள்ளிகள் புதியவை, நெருக்கமாக இருப்பவை. எல்ஆர்டியில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குப் போவதற்குள் இரண்டு பள்ளி தெரியும். ஒயாசிஸ் டெரசஸில் 2017ல் திறந்த பலதுறை மருந்தகம் எல்லாருக்கும் பக்கம். பள்ளித் தாதிக்குச் சந்தேகம் வந்தால் கேட்க அங்கே மருத்துவர்கள் இருக்கிறார்கள். நாடு முழுக்கத் தொடக்கப்பள்ளிகள் சுமார் 180. மூன்று பள்ளிக்கு ஒருவர் என்றால் 60 தாதியர். ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளி என்று தாராளமாகவே போட்டாலும் மொத்தம் 6 மில்லியன். சுகாதார அமைச்சின் ஆண்டுச் செலவு 20 பில்லியன் வெள்ளி அளவில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கணக்கும் ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டுக் குடும்பச் செலவினக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குக் கொட்டிய பணம் 1.8 பில்லியன் வெள்ளி. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று டியூஷனில் சேர்க்கிறோம், பலகை தெரியவில்லை என்பது பையில் கிடக்கும் கடிதத்தில் இருக்கிறது.

நாற்பது வயது ஆனவர்களுக்கு 2023 முதல் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ இருக்கிறது. ஆளுக்கு ஒரு குடும்ப மருத்துவர், ஆண்டுக்கு ஒரு திட்டம், முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற பேச்சு எல்லாம். நல்லதுதான். நீரிழிவின்மீது அரசாங்கம் 2016ல் போர் அறிவித்தபோது, மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம் அந்த நோய் அதிகம் என்பதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லித் தலையாட்டிக்கொண்டோம். அந்த நோயின் வேர் இறங்கும் வயது நாற்பது இல்லை. பேரீச்சம்பழம் கடித்தால் பல்லில் ஒட்டும் என்று சொல்லித்தர ஏழு வயதில் ஓர் அறை இருந்தது. இனிப்புப் பானம் பற்றிச் சொல்ல நாற்பதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்?

தாதியர் பற்றாக்குறை உண்மை. இரவு வேலையும் நாள் மாற்றமும் தாங்காமல் பிள்ளை பிறந்த பிறகு மருத்துவமனையை விட்டு விலகிய தாதியர் நம் புளோக்குகளிலேயே இருக்கிறார்கள். காலை ஏழரை முதல் மதியம் இரண்டு வரை, பள்ளி விடுமுறையில் விடுமுறை என்றால் அவர்களில் சிலராவது திரும்பி வருவார்கள். கேட்டுப் பாருங்கள், உங்கள் குழுவிலேயே இருவர் இருக்கக்கூடும்.

யாரிடம் கேட்பது? இந்த விஷயத்தில் நம் வட்டாரத்துக்குக் கிடைத்திருக்கும் வசதி வேறு எந்த ஊருக்கும் இல்லை. 2025 மே மாதத் தேர்தலில் பொங்கோல் குழுத்தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர்களில் துணைப் பிரதமர் கான் கிம் யோங் பத்தாண்டு சுகாதார அமைச்சராக இருந்தவர், நீரிழிவுப் போரை அறிவித்தவரும் அவரே. டாக்டர் ஜனில் புதுச்சேரி அரசியலுக்கு வருமுன் குழந்தை மருத்துவர், இப்போது கல்வி அமைச்சில் மூத்த துணை அமைச்சர். இரண்டு அமைச்சுக்கு நடுவில் விழுந்து காணாமல்போகக்கூடிய ஒரு கோரிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான இருவர் கிடைக்க மாட்டார்கள். மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு ஒரே இரவில் ஐந்து பள்ளிகளின் பெற்றோர் ஒரே தாளோடு போங்கள்.

வரவுசெலவுத் திட்டம் பிப்ரவரியில் வரும். அதற்கு முந்திய வாரங்களில் பொதுமக்களின் கருத்துக் கேட்பார்கள். அதற்குள் தாள் தயாராக இருக்க வேண்டும். ‘சுகாதார நிலையம்’ என்று எழுதாதீர்கள், ஆய்வுக்குழு அமைத்துவிடுவார்கள். மூன்று பள்ளிகள், ஒரு தாதி, இரண்டு ஆண்டு முன்னோட்டம், சுகாதார அமைச்சின் சம்பளம், பதிவுகள் பள்ளிக்குப் போகாது என்று ஐந்தே வரி போதும். கடிதம் கிடைத்த பிள்ளைகளில் எத்தனை பேர் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை அளந்தால் பலன் தெரிந்துவிடும். மலாய், சீனப் பெற்றோரைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் மட்டும் போய் நின்றால் இது இந்தியர்களின் நீரிழிவுக் கோரிக்கையாகச் சுருங்கி, ஏதாவது ஒரு சமூக மன்றத்தில் யோகாசன வகுப்பாக முடிந்துவிடும்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் அந்த ஐந்து வரியை எழுதித்தர நான் தயார். மாண்டரினுக்கும் மலாய்க்கும் உங்கள் குழுவில் ஆள் பாருங்கள்.

அன்புடன்,
பொங்கோல் வாசி ஒருவர்